சார்போன் சென்ற போலந்துப் பெண்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

மேரி கியூரி அம்மையாரின் பெயரைக் கேள்விப்படாத அறிவியல் மாணவர் எவரும் இரார். ரேடியத்தைக் கண்டறிந்தவர், இருமுறை நோபல் பரிசு பெற்றவர் என்று பள்ளிப் பாடநூலிலேயே படித்துவிடுகிறோம். தாடி வைத்த அறிஞர் கூட்டத்தின் நடுவே கறுப்பு உடையில் அமர்ந்திருக்கும் அவரது நிழற்படத்தையும் பார்த்திருக்கிறோம். ஆனால், அவரும் ஒரு காலத்தில் முதலாண்டு மாணவியாக இருந்தவர். விரிவுரை பாதி புரிந்தும் பாதி புரியாமலும், யாரோடும் அதிகம் பேசாமல், வகுப்புக்கு வந்து வகுப்பு முடிந்ததும் போய்விடுகிறவராக இருந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அந்த முதலாண்டைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன். ரேடியத்தைப் பற்றி நம் நூலகத்தில் நூல்கள் உள்ளன. ஆதலால் அதனை விரைவாகக் கடந்து செல்வேன். இயற்பியல் துறைப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பிறந்த வீடு

போலந்து என்னும் நாடு அப்போது உலகப் படத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றும் அதனைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வார்சா நகரம் ரஷ்ய ஜார் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நகரில் 1867ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள், ஐந்து மக்களுள் கடைக்குட்டியாகப் பிறந்தார் மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா. வீட்டில் மான்யா என்று அழைப்பர். தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தாயார் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாக இருந்தவர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் கல்லூரியில் படிக்கும் பலரைப்போல அவர் முதல் தலைமுறைப் பட்டதாரி அல்லர். வீட்டில் புத்தகம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் தந்தையாரின் இயற்பியல் கருவிகள் இருந்தன. பிற்காலத்தில் மகள் தொலைவில் இருந்தபோது, அவர் போட்ட கணக்குகளைத் தந்தையார் கடிதம் மூலமே திருத்தி அனுப்பினார். என் வீட்டில் மதிப்பெண்ணைக் கேட்டு மகிழ்வார்கள். கணக்கைத் திருத்த ஆள் இல்லை. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டு அவரையும் நம்மையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆயினும், அந்த வீட்டுக்கும் துன்பம் வந்து சேர்ந்தது. போலந்துப் பற்று மிக்கவர் என்பதால் தந்தையாரின் பதவி குறைக்கப்பட்டது. வருவாய் போதாமல், மாணவர்களை வீட்டிலேயே தங்கவைத்துச் சோறு போட்டுக் கற்பித்தனர். அப்படித் தங்கியிருந்தவரிடமிருந்து தொற்றிய காய்ச்சலால் 1876இல் மூத்த தமக்கை சோஃபியா மறைந்தார். 1878இல் தாயார் காசநோயால் மறைந்தார். அப்போது மான்யாவுக்கு வயது பத்து.

பள்ளியில் எல்லாப் பாடத்தையும் ரஷ்ய மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்பது ஆணை. மான்யா சிறுமியாக இருந்தபோது படித்த பள்ளியில், போலந்து வரலாற்றை ஒளித்துக் கற்பித்தனர். கால அட்டவணையில் அப்பாடத்துக்கு வேறு பெயர் இருக்கும். மேலதிகாரி வருகிறார் என்பதற்கு அடையாளமாக மணி ஒலித்தவுடன் புத்தகங்கள் மறைந்துவிடும். ஒருநாள் அவ்வாறு அதிகாரி வந்தபோது, ரஷ்ய மொழியைப் பிழையறப் பேசக்கூடியவள் என்பதால் மான்யாவையே ஆசிரியை எழுப்பி நிறுத்தினார். ஜார் மன்னர்களின் பெயர்களையும் பட்டங்களையும் அச்சிறுமி வரிசையாக ஒப்பித்தாள். நம்மை ஆள்பவர் யார் என்ற கேள்விக்கும் விடை சொன்னாள். அதிகாரி வெளியே சென்றதும் அழுதுவிட்டாள். கூச்சமுள்ள பிள்ளைக்கு முதல் மாணவியாக இருப்பதும் ஒருவகைத் தண்டனைதான் என்று இதனைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. வகுப்பில் யாரையேனும் எழுப்பி நிறுத்த வேண்டுமானால் முதலில் அவள் பெயர்தானே வரும்!

1883இல், பதினைந்தாம் வயதில், தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை முடித்தார். அதற்குமேல் வழி அடைபட்டிருந்தது. வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை.

தமக்கையும் தங்கையும்

வார்சாவில் அப்போது ‘பறக்கும் பல்கலைக்கழகம்’ என்று ஒன்று இருந்தது. கட்டடம் கிடையாது, பட்டம் கிடையாது. காவலர் கண்ணில் படாமல் இன்று ஒரு வீட்டில், நாளை மற்றொரு வீட்டில் என்று கூடிப் பாடம் கேட்பார்கள். மான்யாவும் அவருடைய தமக்கை புரோன்யாவும் அங்கே சென்று வந்தனர். புரோன்யாவுக்குப் பாரிஸ் சென்று மருத்துவம் படிக்க ஆசை. கையில் இருந்த பணமோ ஓராண்டுக்குத்தான் போதும். அப்போது இளையவர் ஒரு வழி சொன்னார். முதலில் தமக்கை செல்லட்டும். தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்புவாள். தமக்கை மருத்துவரான பிறகு தங்கையை அழைத்துக்கொள்ளட்டும். இந்த ஏற்பாட்டின்படியே 1886 சனவரியில், பதினெட்டு வயதில், ஷ்சூக்கி என்னும் சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியையாக மான்யா வேலைக்குச் சேர்ந்தார். ஆண்டுக்கு 500 ரூபிள் சம்பளம். அதில் ஏறத்தாழப் பாதி பாரிசுக்குச் சென்றது.

பனி மூடிய அந்த ஊரில் சன்னல் வழியே பார்த்தால் சர்க்கரைக் கிழங்கு வயலும் சர்க்கரை ஆலையின் புகைபோக்கியுமே தெரியும். மூன்றாண்டுக்கு மேல் அங்கே இருந்தார். பகலில் வேலை, மாலையில் அவ்வூர் உழவர் வீட்டுப் பிள்ளைகளைத் தம் அறைக்கு வரவழைத்துப் போலந்து மொழியில் எழுத்தறிவித்தார். பிடிபட்டால் சைபீரியாவுக்கு அனுப்பிவிடக்கூடிய குற்றம் அது. இரவில் தமக்கெனப் படித்தார். இலக்கியமா, சமூக இயலா, அறிவியலா என்று தெரியாமல் எல்லாவற்றையும் படித்து, மெல்ல மெல்லக் கணிதமும் இயற்பியலுமே தமக்குரியவை என்று கண்டுகொண்டார். பண்ணை வீட்டின் மூத்த மகன் அவரை மணக்க விரும்பினார். சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண் மருமகளாகக் கூடாது என்று பெற்றோர் மறுத்துவிட்டனர். அதன் பிறகும் அதே வீட்டில், அதே மேசையில் அமர்ந்து உண்டு வேலையைத் தொடர்ந்தார். ஏனெனில், தமக்கைக்குப் பணம் போக வேண்டும்.

1890இல் புரோன்யாவிடமிருந்து கடிதம் வந்தது. தமக்குத் திருமணமாகப் போகிறது, அடுத்த ஆண்டு வந்துவிடு, எங்கள் வீட்டில் தங்கிக்கொள் என்று எழுதியிருந்தார். இத்தனை ஆண்டு எதற்காகக் காத்திருந்தாரோ அது கைக்கு எட்டிவிட்டது. உடனே புறப்பட்டிருப்பார் என்றுதானே நினைப்போம்? அவர் தயங்கினார். வயதான தந்தையை விட்டு எப்படி வருவது, அண்ணன் நிலை என்ன, இன்னொரு தமக்கையின் நிலை என்ன என்று காரணங்களை அடுக்கி எழுதினார். ஒன்றரை ஆண்டு இவ்வாறே கழிந்தது.

வரலாறு எழுதுவோர் இத்தயக்கத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே செல்கின்றனர். எனக்கோ அவரது வாழ்வில் மிக நெருக்கமாகத் தோன்றும் இடம் இதுதான். வீட்டுக் காரணங்கள் எல்லாம் உண்மையே. அவற்றுக்குப் பின்னே வேறோர் அச்சமும் இருந்திருக்கும். ஆறு ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளிய பிறகு, பெரிய நகரத்தில், தம்மினும் இளையோர் நடுவில், புதிதாக அமர்ந்து படிக்க முடியுமா என்னும் அச்சம். அதனை யாரிடமும் சொல்ல இயலாது. ஆகவே அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்கிறோம். தம்பி படிக்க வேண்டும் என்கிறோம்.

அவருடைய தயக்கத்தைத் தீர்த்தது யாருடைய அறிவுரையும் அன்று, ஓர் ஆய்வுக்கூடம். அவருடைய உறவினர் ஒருவர் தலைமையில் வார்சாவில் தொழில், வேளாண்மை அருங்காட்சியகம் என்ற பெயரில் ஒரு நிலையம் இருந்தது. அங்கே ஒரு சிறு ஆய்வுக்கூடம் உண்டு. மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மான்யா அங்கே தனியே சென்று, புத்தகத்தில் படித்த சோதனைகளைத் தம் கையால் செய்து பார்த்தார். சில வந்தன, பல வரவில்லை. பார்க்க எவரும் இல்லாத அறையில், தவறினாலும் சிரிக்க ஆளில்லாத இடத்தில், தமக்கு இது வரும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1891 இலையுதிர் காலத்தில் வருகிறேன் என்று தமக்கைக்கு எழுதினார்.

பாரிஸ்

சிக்கனமாகப் பயணம் செய்ய ஒரு வழி இருந்தது. ஜெர்மனி வழியே நான்காம் வகுப்பு வண்டி. அதில் அமர இடம் போதாது. ஆகவே ஒரு மடக்கு நாற்காலியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். வழியில் உண்ண உணவு, போர்வை, படுக்கை, மரப்பெட்டி ஆகியவற்றுடன் பாரிஸ் வந்து சேர்ந்தார். நவம்பர்த் தொடக்கத்தில் சார்போன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் புலத்தில் பெயர் பதிந்தபோது, மரியா என்பதைப் பிரெஞ்சு முறைப்படி மேரி என்று எழுதினார். அடுத்த சில நாளில் அவருக்கு இருபத்து நான்கு வயது நிறைந்தது. முதலாண்டு மாணவிக்கு இருபத்து நான்கு வயது! நமக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் நமக்கு முன்னால் போய்விட்டனரே என்று ஏங்குவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அறிவியல் புலத்தில் அந்நாளில் ஏறத்தாழ 1,800 பேர் படித்தனர். அவர்களுள் பெண்கள் இருபது இருபத்தைந்து பேருக்கு மேல் இல்லை. பல்கலைக்கழகக் கட்டடத்தையே அப்போது இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தனர். கல்லும் சுண்ணாம்புமாகக் கிடந்த அந்த வளாகத்தில், நிறம் மங்கிய உடையுடன் ஒரு வெளிநாட்டுப் பெண் வருவதும் போவதுமாக இருந்தார். உடன் படித்த இளைஞர்களுக்கு அவர் பெயரை உச்சரிக்க வரவில்லை. அவரும் யாரிடமும் போய்த் தம் பெயரைச் சொல்லிக்கொண்டதில்லை.

வந்த சில நாட்களிலேயே இரண்டு உண்மைகள் அவருக்குத் தெரிந்தன. முதலாவது, தமக்குப் பிரெஞ்சு மொழி தெரியும் என்று எண்ணியிருந்தது சரியில்லை. புத்தகத்தில் படித்தால் புரிந்த மொழி, பேராசிரியர் வாயிலிருந்து வேகமாக வந்தபோது புரியவில்லை. முழு முழு வாக்கியங்களே நழுவிச் சென்றன. வீட்டில் போலந்து மொழி, பள்ளியில் ரஷ்ய மொழி, கல்லூரியில் பிரெஞ்சு மொழி! தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு இங்கே வந்து ஆங்கிலத்தில் விரிவுரை கேட்ட நம் போன்றோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. முடுக்கம் என்றால் நன்றாகத் தெரியும். ‘ஆக்சிலரேஷன்’ என்று சொல்லிவிட்டு அதற்குள் அடுத்த சமன்பாட்டுக்குப் போய்விட்டால், எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிடும். நின்ற கை மறுபடி எழுதத் தொடங்கும்போது பாடம் வேறெங்கோ இருக்கும்.

இரண்டாவது உண்மை இன்னும் கசப்பானது. தனியே படித்த கணிதமும் இயற்பியலும் போதவில்லை. பிரெஞ்சுப் பள்ளிகளில் முறையாகப் படித்து வந்தவர்கள் அவரைவிட வெகுதூரம் முன்னே நின்றனர். வார்சாவில் தங்கப் பதக்கம் வாங்கியவர் பாரிசில் பின்தங்கிய மாணவி. ஊர்ப் பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்று மாலையோடு படம் எடுத்துக்கொண்டு, கல்லூரியில் முதல் தேர்வில் திகைத்து நிற்கும் பிள்ளைகளின் நிலை இதுவே. 

இந்நிலையில் கூச்சமுள்ள மாணவர் என்ன செய்வார்? கடைசி வரிசையில் ஓர் ஓரமாக ஒதுங்குவார். தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. மேரி செய்தது வேறு. விரிவுரை தொடங்கு முன்பே வந்து முதல் வரிசையில் அமர்ந்தார். நாள்தோறும் அங்கேயே அமர்ந்தார். கணிதத்துக்குப் பால் அப்பெல், இயற்பியலுக்குக் கபிரியேல் லிப்மன் போன்ற பேரறிஞர்களின் விரிவுரைகளை அந்த இடத்திலிருந்துதான் கேட்டார். (வண்ண ஒளிப்படக் கலைக்காக 1908இல் நோபல் பரிசு பெற்ற அதே லிப்மன்தான் இவர்.)

முதல் வரிசை என்றால் துணிச்சல்காரருக்கு உரியது என்று நாம் நினைக்கிறோம். யோசித்துப் பார்த்தால், கூச்சமுள்ளவருக்கு அதைவிட ஏற்ற இடம் வேறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே அமர்ந்துவிட்டால் உடன் படிப்போர் எவர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கண்முன் இருப்பன கரும்பலகை, சோதனை மேசை, பேராசிரியர் ஆகியவைதாம். சிரித்தாலும் பேசினாலும் அவை எல்லாம் முதுகுக்குப் பின்னால். இது என் கருத்தே. அம்மையார் இப்படி எண்ணினார் என்று நான் எங்கும் படித்ததில்லை. ஒன்று மட்டும் உறுதி. அவருடைய கூச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. கூச்சம் போன பிறகு படிக்கலாம் என்று அவர் காத்திருக்கவும் இல்லை.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் சேர்ந்தவர்களில் மூவர் முதல் பருவத் தேர்வுக்கு முன்பே நின்றுவிட்டனர். ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மற்ற இருவரைப் பற்றிச் செய்தி இல்லை. மூவரும் அதிகம் பேசாதவர்கள். பாடம் வராமல் நின்றார்களா, பணமில்லாமல் நின்றார்களா, பேச ஆளின்றி நின்றார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போது சில நாள் மௌனம் இருந்தது. பிறகு பெயரையும் கூப்பிடவில்லை. மேரியின் முதலாண்டைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

ஆறாவது மாடி

முதல் சில மாதங்கள் மேரி தமக்கை வீட்டில் தங்கியிருந்தார். லா வில்லெத் பகுதியில் இருந்த அவ்வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் குதிரை பூட்டிய மாடிப் பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். மேல் தளத்தில் கட்டணம் குறைவு, குளிர் அதிகம். புரோன்யாவின் கணவர் கசிமிர் ட்லுஸ்கி மருத்துவர், கலகலப்பானவர், நாட்டை விட்டு வந்த போலந்துக்காரர் எவருக்கும் அவர் வீட்டுக் கதவு திறந்திருக்கும். மாலையானால் பாட்டு, பியானோ, தேநீர், அரட்டை. மேரி அறைக்குள் புத்தகத்துடன் அமர்ந்தால் மைத்துனர் வந்து கதவைத் தட்டி வெளியே இழுத்துச் செல்வார். ஒருமுறை போலந்து மாணவர் விழாவில், தளை நீங்கிய போலந்து அன்னையாக மேரியை வேடமிட்டு நிற்கவைத்தனர். அதைக் கேள்விப்பட்ட தந்தையார் அஞ்சிப்போனார். பாரிசில் ரஷ்ய ஒற்றர்கள் உண்டு. பெயர் பதிவாகிவிட்டால் ஊருக்குத் திரும்பும்போது தொல்லை என்று எழுதினார்.

அன்பான வீடுதான். ஆனால், அங்கே இருந்தால் பின்தங்கியதை எட்டிப் பிடிக்க முடியாது என்று மேரிக்குப் புரிந்தது. மேலும், அவ்வீட்டில் நாள் முழுதும் பேச்சு போலந்து மொழியில்தான். 1892 மார்ச்சில் பல்கலைக்கழகத்துக்கு அருகே லத்தீன் வட்டாரத்தில், ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில், கூரையை ஒட்டிய சிற்றறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். மாதம் 40 ரூபிள், அதாவது ஏறத்தாழ 100 பிராங்க் வரவு. நாளுக்கு மூன்று பிராங்க். இதற்குள் வாடகை, உணவு, உடை, புத்தகம், கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். அறையில் தண்ணீர்க் குழாய் இல்லை. குளிர்காலத்தில் அடுப்புக் கரியைத் தாமே ஆறு மாடி சுமந்து ஏற்ற வேண்டும். கரியையும் விளக்கெண்ணெயையும் மிச்சப்படுத்த, மாலையில் செயின்ட் ஜெனவீவ் நூலகத்துக்குச் சென்றுவிடுவார். அங்கே வெளிச்சமும் உண்டு, வெப்பமும் உண்டு. இரவு பத்து மணிக்கு நூலகம் மூடிய பின் அறைக்கு வந்து, இரண்டு மணி வரை படிப்பார். கடுங்குளிர் நாட்களில் குவளையில் இருந்த தண்ணீர் இரவில் உறைந்துவிடும். இருக்கும் உடைகளை எல்லாம் போர்வைமேல் குவித்துக்கொண்டு உறங்குவார்.

சமையல் அவருக்குத் தெரியாது. கற்றுக்கொள்ள நேரமும் இல்லை. ரொட்டி, வெண்ணெய், தேநீர். எப்போதாவது முட்டை, பழம். ஒருநாள் உடன் படிக்கும் பெண் ஒருவர் முன்னிலையில் மயங்கி விழுந்தார். செய்தி அறிந்து மைத்துனர் ட்லுஸ்கி ஓடிவந்து ஆறு மாடி ஏறினார். அதற்குள் மேரி எழுந்து அமர்ந்து மறுநாள் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மருத்துவர் நாடியைப் பார்ப்பதற்கு முன் தட்டையும் பாத்திரத்தையும் பார்த்தார். தட்டு கழுவியபடியே இருந்தது. அறையில் உண்ணத்தக்கது தேயிலைப் பொட்டலம் ஒன்றே. துருவிக் கேட்டபோது, முதல்நாள் மாலையிலிருந்து கொஞ்சம் முள்ளங்கியும் செர்ரிப் பழமும் தின்றதை ஒப்புக்கொண்டார். உறங்கியது நான்கு மணி நேரம். ட்லுஸ்கி கோபத்துடன் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். புரோன்யா இறைச்சியும் உருளைக்கிழங்கும் சமைத்துப் போட்டுச் சில நாளில் தேற்றி அனுப்பினார்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பட்டினி கிடந்து படித்தார், ஆகவே மேதையானார் என்பதுபோல் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டினியால் எவருக்கும் வகைநுண்கணிதம் வந்துவிடாது. விடுதியில் காலை உணவு உண்ணாமல் வகுப்புக்கு வந்து, பத்து மணிக்குத் தலை சுற்றி மேசைமேல் சாயும் தோழியரைப் பார்த்தவள் நான். இந்த நிகழ்ச்சியில் போற்றத் தக்கது மயங்கி விழுந்தது அன்று. ஓடிப்போய்ச் சொல்ல ஒரு தோழி இருந்தார். ஆறு மாடி ஏறிவர ஒரு மைத்துனர் இருந்தார். அடுப்பு மூட்ட ஒரு தமக்கை இருந்தார். மேரி கியூரி தனியே நின்று வென்றவர் என்று சொல்வோர் இம்மூவரையும் மறந்துவிடுகின்றனர். மாதந்தோறும் அந்தத் தந்தையார் தம் முதுமையில் பணம் ஒதுக்கி வைத்ததையும் மறந்துவிடுகின்றனர். புரோன்யா மருத்துவம் படித்த கடைசிக் காலத்தில், தமக்கு வந்த 40 ரூபிளில் மாதம் 8 ரூபிளைத் தங்கை கணக்கில் சேர்த்துவிடுமாறு தந்தையிடம் சொல்லியிருந்தார். முதலாண்டு மாணவி ஒருத்தி ஆறாவது மாடியில் நிற்கக் கீழே இத்தனை பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மேரி தம் பிற்காலத்தில், அந்தச் சிற்றறை நாட்களைத் தம் வாழ்வின் மிக நல்ல நினைவுகளுள் ஒன்றாகக் குறித்திருக்கிறார். வறுமையை மட்டும் பார்ப்பவர்க்கு இது வியப்பளிக்கும். வாழ்வில் முதன்முறையாக, பிறர் பிள்ளைக்குப் பாடம் சொல்லாமல், பிறர் வீட்டு மேசையில் அமராமல், தமக்குப் பிடித்ததைத் தாம் படிக்கும் உரிமை அங்கேதான் அவருக்குக் கிடைத்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை.

மெல்ல மெல்லப் பிரெஞ்சு மொழி வசப்பட்டது. விட்டுப்போன கணிதத்தைத் தாமே படித்து நிரப்பினார். லிப்மனின் ஆய்வுக்கூடத்தில் சிறுசிறு வேலைகள் கொடுத்தனர். அவருடைய கை நேர்த்தி அங்கே வெளிப்பட்டது. வாயால் சொல்ல முடியாததைக் கையால் காட்டலாம் என்னும் வசதி அறிவியல் மாணவர்க்கு உண்டு. செய்முறை வகுப்பில் துலாக்கோலும் வெப்பமானியும் நம்மிடம் ஆங்கிலம் கேட்பதில்லை.

1893 சூலையில் இயற்பியல் பட்டத் தேர்வு. எழுதத் தொடங்கியபோது எழுத்துகள் கண்முன் ஆடினவாம். வினாத்தாளைப் படிக்கவே சிறிது நேரம் ஆயிற்று. தேர்வு முடிவை மண்டபத்தில் கூடியிருந்தோர் முன்னிலையில் மதிப்பெண் வரிசைப்படி படிப்பது அங்கே வழக்கம். முதலில் படித்த பெயர் அவருடையது.

அடுத்துக் கணிதப் பட்டமும் பெற விரும்பினார்; பணம் தீர்ந்துவிட்டது. அப்போது தோழி ஒருவர் முயன்று, வெளிநாட்டில் படிக்கும் சிறந்த போலந்து மாணவர்க்கான அலெக்சாண்ட்ரோவிச் உதவித்தொகையை வாங்கித் தந்தார். 600 ரூபிள். மேரி தமக்காகப் போய் எவரிடமும் கேட்கக்கூடியவர் அல்லர் என்பது அத்தோழிக்குத் தெரிந்திருக்கும். 1894இல் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். சில ஆண்டுகள் கழித்துத் தமக்கு ஊதியம் வந்தபோது, 600 ரூபிளையும் சேர்த்து அந்த நிதிக்கே திருப்பி அனுப்பினார். உதவித்தொகை திரும்பி வந்து பார்த்தறியாத அந்நிலையத்தார் திகைத்துப் போயினர். தம்மைப்போல் ஒருத்தி எங்கோ அந்தப் பணத்துக்குக் காத்திருப்பாள் என்பது அவர் எண்ணம்.

பின்னர் நடந்தவை

இதற்குப் பிறகு நடந்தவற்றை நாம் அறிவோம். 1894இல் பியரி கியூரியைச் சந்தித்தார். அவரும் கூட்டத்தில் கலவாத, அதிகம் பேசாத மனிதர். 1895இல் திருமணம். 1898இல் பொலோனியமும் ரேடியமும் கண்டறியப்பட்டன. முதல் தனிமத்துக்கு, உலகப் படத்தில் இல்லாத தம் நாட்டின் பெயரைச் சூட்டினார். 1903இல் கணவரோடும் பெக்கரலோடும் இயற்பியல் நோபல் பரிசு. 1911இல் தனியே வேதியியல் நோபல் பரிசு. கதிர்வீச்சு உடலுக்குள் செய்த தீங்கால் 1934 சூலை 4ஆம் நாள் மறைந்தார். 1995இல் அவர் உடலைப் பாரிசின் பாந்தியோன் நினைவிடத்துக்கு மாற்றினர்.

இத்தனை புகழ் வந்த பிறகும் அவருடைய கூச்சம் அப்படியே இருந்தது. செய்தியாளரைக் கண்டால் ஒதுங்குவார். 1921இல் அமெரிக்கா சென்றபோது, கைகுலுக்க வந்த கூட்டத்தைத் தாங்காமல் அவர் கை வீங்கித் தூளிக்கட்டுப் போட வேண்டியதாயிற்று. 

ஆனால், எனக்கு மறக்க முடியாத நாள் 1906 நவம்பர் 5. அவ்வாண்டு ஏப்ரல் 19ஆம் நாள், மழை பெய்த பாரிஸ் தெரு ஒன்றில் குதிரை வண்டியில் அடிபட்டுப் பியரி கியூரி இறந்தார். அவர் நடத்திவந்த வகுப்பை மனைவியிடம் ஒப்படைத்தது பல்கலைக்கழகம். சார்போனில் அதற்குமுன் எந்தப் பெண்ணும் பாடம் நடத்தியதில்லை. ஆகவே அன்று பிற்பகல் இயற்பியல் மண்டபத்தில் மாணவர்க்கே இடம் கிடைக்கவில்லை. செய்தியாளர்கள், சீமாட்டிகள், வேடிக்கை பார்க்க வந்தோர் எல்லாம் நிறைந்திருந்தனர். அவர் என்ன பேசுவார், கணவரைப் பற்றிச் சொல்லி அழுவாரா, அமைச்சருக்கு நன்றி கூறுவாரா என்று காத்திருந்தனர்.

ஒன்றரை மணிக்குக் கதவு திறந்தது. கைதட்டல் எழுந்தது. அவர் தலையைச் சற்றே தாழ்த்தி, அது அடங்கும்வரை நின்றார். முன்னால் நீண்ட மேசை நிறையச் சோதனைக் கருவிகள். அடங்கியதும், முகவுரை ஒன்றும் இல்லாமல், இயற்பியலில் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் நிகழ்ந்த முன்னேற்றத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பியரி கியூரி எந்த இடத்தில் பாடத்தை நிறுத்தியிருந்தாரோ, அந்த இடத்திலிருந்து அது தொடர்ந்தது. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. மின்சாரத்தின் அமைப்பு, அணுக்களின் சிதைவு, கதிரியக்கப் பொருள்கள் என்று பாடம் நடந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் அழுதனர். அவர் பாடத்தை முடித்தார். வந்த அதே சிறு கதவு வழியே, வந்த அதே விரைவில் வெளியே சென்றுவிட்டார்.